ஒதுக்கியின் சீட்டு

ராஜா ராணி காலத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெற்கே ஒரு ஊர். அந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயாலிசிஸ் மையம். மையத்தின் முன்னறையில் ஒரு கணினி. அந்தக் கணினிக்குள் நான்கு கருவிகள் குடியிருந்தன.

முதலாவது பதிவேடு. யார் யார் நோயாளிகள், யாருக்கு எந்தக் கிழமை என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். இரண்டாவது ஒதுக்கி. எந்த நோயாளிக்கு எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு என்று இடம் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. மூன்றாவது நீக்கி. போட்ட இடத்தை ரத்து செய்யும். நான்காவது அனுப்பி. நோயாளிகளின் கைபேசிக்குச் செய்தி போடும்.

ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரு சீட்டு தொங்கியது. தான் யார், தன்னால் என்ன ஆகும் என்று சொல்வதற்காக, அவற்றைச் செய்த நாளிலேயே மாட்டிவிட்ட சீட்டு.

பதிவேட்டின் சீட்டு முழ நீளம். எப்போது பிறந்தது, எத்தனை தடவை புதுப்பிக்கப்பட்டது, எவ்வளவு வேகமானது என்று ஒரே சுயபுராணம். அதனிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை. ஒதுக்கியின் சீட்டிலோ இரண்டே சொற்கள்: 'இயந்திரம் ஒதுக்கும்.'

"பெரிய ஆளுக்கு எதற்கு நீளமான அறிமுகம்?" என்று ஒதுக்கி சொல்லிக்கொள்ளும். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது அதன் வழக்கம். கட்டிய கைகளுக்கு அடியில் அந்த இரண்டு சொற்களும் பாதி மறைந்திருக்கும்.

இதனால் ஆறு வருஷமாக யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. ஏனென்றால் அந்தக் கணினியைத் தொட்டவர் ஒரே ஒரு ஆள்தான். தலைமை நர்ஸ் அமலோற்பவம் சிஸ்டர். மையம் திறந்த நாளிலிருந்து அங்கே இருப்பவர். கருவிகளின் கோணல்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. உதாரணத்துக்கு நீக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டது பிடிக்கவில்லை என்றால் அது "ஏழு" என்று மட்டும் சொல்லும். வேறு பேச்சு கிடையாது. சிஸ்டர் சலித்துக்கொள்ள மாட்டார். "ஏழா? சரி சரி" என்று தேதியைத் திருத்திப் போடுவார். நீக்கியும் சமாதானமாகிவிடும்.

மையத்தில் ஐந்து இயந்திரங்கள். இங்கே ஒரு விஷயத்தை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கருவிகளுக்கு அது தெரியாது. ஜன்னலோரம் மூலையில் இருந்த ஐந்தாவது இயந்திரம் மூன்று நோயாளிகளுக்கு மட்டுமே உரியது. அந்த மூவரின் ரத்தத்திலும் மஞ்சள்காமாலைக் கிருமி இருந்தது. அவர்களுக்குப் போடும் இயந்திரத்தில் வேறொருவரைப் படுக்க வைத்தால் அவருக்கும் தொற்றிக்கொள்ளக்கூடும். ஏற்கெனவே சிறுநீரகம் போன உடம்பு, இன்னொரு நோயைத் தாங்காது.

இப்படி ஒரு இயந்திரத்துக்குப் பெரிய எழுத்தில் பலகை மாட்டுவார்கள். சிஸ்டர் மாட்டவில்லை. மாட்டினால், அந்த மூவரில் ஒருவரான ஓய்வுபெற்ற கண்டக்டர் தம்பிராஜ், வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், அந்தப் பலகைக்கு அடியில் எல்லோரும் பார்க்கப் படுத்திருக்க வேண்டும். "நோயே போதும், பட்டம் வேறயா?" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் ஒரு சிவப்புத் துணியை எடுத்து ஐந்தாவது இயந்திரத்தின் கைப்பிடியில் கட்டினார். அங்கே வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் துணி எதற்கென்று தெரியும். நோயாளிகளுக்குத் தெரியாது. நல்ல மனசு செய்த ஏற்பாடு. கணினிக்குள் துணி கட்ட இடமில்லை என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

புரட்டாசியில் ஊரின் மறுகோடியில் மையத்துக்கு ஒரு கிளை திறந்தார்கள். காலை வேளையில் சிஸ்டர் அங்கே போக வேண்டும் என்று ஆயிற்று. இங்கே இடம் போடுவது யார்? கருவிகளைச் செய்துகொடுத்த மென்பொருள்காரர் ஷர்மிளா பானுவைக் கூப்பிட்டார்கள்.

"ஏஐ ஏஜென்ட் ஒண்ணு போட்டுத் தரேன் சிஸ்டர். டூல்ஸ் எல்லாம் ரெடியா இருக்கு. அதுவே படிச்சுப் பார்த்து வேலை செஞ்சுக்கும்" என்றார் ஷர்மிளா.

"எதைப் படிச்சு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஒவ்வொரு டூலுக்கும் விளக்கம் எழுதியிருக்கேன்ல. அதைத்தான்."

அப்போது அந்த விளக்கத்தை இருவரில் ஒருவராவது எடுத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். இருவருக்கும் வேலை இருந்தது.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு, ஷர்மிளா போட்டுக்கொடுத்த புதியவன் கணினிக்குள் வந்தான்.

"வணக்கம். நான் இன்றுதான் வருகிறேன். உங்கள் சீட்டுகளைப் படிக்கலாமா?"

கருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஆறு வருஷத்தில் யாரும் அவற்றின் சீட்டைப் படித்ததே இல்லை. பதிவேடு குஷியாகித் தன் முழ நீளச் சீட்டை விரித்துக் காட்டியது. புதியவன் ஒரு எழுத்து விடாமல் படித்தான்.

"நீ வேகமான ஆள் என்று தெரிகிறது. நோயாளிகளின் பட்டியலைத் தருவாயா?"

பதிவேடு கொட்டியது. ஆறு வருஷத்துப் பெயர்கள். ஊர் மாறிப் போனவர்கள், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து நல்லபடியாக இருப்பவர்கள், செத்துப்போனவர்கள் எல்லோரும் வந்து விழுந்தார்கள்.

"இத்தனை பேருமா இன்று வருகிறார்கள்?"

"இன்று வருபவர்கள் வேண்டுமானால் கிழமையைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இதுகூடத் தெரியாதா?"

"அது உன் சீட்டில் இல்லையே."

"அதையெல்லாமா எழுதுவார்கள்!" என்றது பதிவேடு.

அடுத்து நீக்கியிடம் போனான். ஒரு நோயாளிக்குக் காய்ச்சல். அவருடைய இடத்தை ரத்து செய்ய வேண்டும்.

"ஏழு" என்றது நீக்கி.

"ஏழு என்றால்?"

"ஏழு."

புதியவன் பெயரை முதலெழுத்தோடு கொடுத்தான். முதலெழுத்து இல்லாமல் கொடுத்தான். நேரத்தை முன்னால் வைத்தான், பின்னால் வைத்தான். எல்லாவற்றுக்கும் ஏழு. ஒன்பதாவது தடவை, மாதத்துக்கு முன்னால் நாள் வரும்படி தேதியை எழுதினான். நீக்கி சட்டென்று ரத்து செய்துவிட்டது.

"ஏழு என்றால் தேதி முன்பின்னாக இருக்கிறது என்று பொருளா?"

"அதைத்தானே நானும் அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்!" என்று நீக்கி எரிந்து விழுந்தது.

புதியவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற ஆளும் இல்லை அவன். எதைப் பார்த்தாலும் 'அப்படியா, ஏன்?' என்றுதான் அவனுக்குத் தோன்றும். கடைசியாக ஒதுக்கியின் முன்னால் வந்து நின்றான். கைகளுக்கு அடியில் எட்டிப் பார்த்து அந்த இரண்டு சொற்களையும் படித்தான்.

"என்னிடம் நோயாளி, இயந்திரம், தேதி, நேரம் சொல். இடம் போட்டுத் தருகிறேன்" என்றது ஒதுக்கி.

"எதைக் கேட்டாலும் தருவாயா?"

"காலியாக இருந்தால் தருவேன்."

"சரி, உன்னிடம் எதைக் கேட்கக் கூடாது?"

இந்தக் கேள்வி ஒதுக்கிக்குப் புதிது. முதல்முறையாகக் கட்டிய கையை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தது.

"அப்படி யோசித்தால் ஒன்று இருக்கிறது. ஐந்தாவது இயந்திரத்தை மூன்று பேரைத் தவிர யாருக்கும் சிஸ்டர் கேட்டதில்லை. காலியாகக் கிடந்தாலும் கேட்டதில்லை."

"ஏன்?"

"அதை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை."

"தெரிந்துகொள்ள உனக்கு ஆசையாக இல்லையா?"

"ஆசையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வேலையைப் பார்" என்று ஒதுக்கி மறுபடி கையைக் கட்டிக்கொண்டது.

புதியவன் அன்று ஐந்தை அந்த மூவருக்கே விட்டுவைத்தான். கிளையிலிருந்து கைபேசியில் பார்த்த சிஸ்டருக்குப் பரம திருப்தி. பழம் தின்று கொட்டை போட்டவள் நான், என்னைவிடச் சுத்தமாகப் போட்டிருக்கிறதே என்று செந்தூர்பாண்டியிடம் போனில் சொன்னார். செந்தூர்பாண்டி மையத்தின் டெக்னீசியன். வேறு ஊரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் இங்கே சேர்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி.

"வணக்கம். நான் இன்றுதான் வருகிறேன். உங்கள் சீட்டுகளைப் படிக்கலாமா?"

விளையாடுகிறான் என்று நினைத்து ஒதுக்கி சிரித்தது. அவன் விளையாடவில்லை. முந்தைய நாளில் ஒரு துளிகூட அவனிடம் மிச்சமில்லை. மறுபடியும் பதிவேடு ஆறு வருஷத்தைக் கொட்டியது. மறுபடியும் ஏழு, ஏழு, ஏழு. ஒதுக்கியிடம் வந்து அவன் வாயைத் திறக்கும் முன்பே அது சொல்லிவிட்டது:

"நேற்றே எல்லாம் சொல்லியாயிற்று. ஒரே பாட்டைத் தினமும் பாட என்னால் ஆகாது."

"மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டுப் புதியவன் சீட்டை மட்டும் படித்துக்கொண்டு போனான். அன்று எல்லோரும் அவரவர் வழக்கமான இயந்திரத்துக்கே வந்ததால் பிழை நேரவில்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு இரண்டாவது இயந்திரத்தில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு அதில் படுக்க வேண்டியவர் சந்தனமாரி. பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை. காலையில் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு டயாலிசிஸுக்கு வருகிற மனுஷி. செந்தூர்பாண்டி கணினியில் எழுதினார்: 'இரண்டு பழுது. பதினொரு மணிக்கு வேறு இயந்திரம் போடவும்.'

அன்றைய புதியவன் ஒதுக்கியின் சீட்டைப் படித்தான். இயந்திரம் ஒதுக்கும்.

"பதினொரு மணிக்கு எது காலி?"

"ஐந்து."

"அப்படியானால் சந்தனமாரிக்கு ஐந்து."

ஒதுக்கிக்குச் சுருக்கென்றது. திங்கள்கிழமை தன் வாயால் சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்கென்ன, அவனுக்குத்தான் தெரியுமே, தெரிந்துதான் கேட்கிறானாக்கும் என்று சமாதானம் செய்துகொண்டது. காலியாக இருந்தால் தருவேன் என்று சொன்னதும் அதே வாய்தான். தந்துவிட்டது. அனுப்பி அடுத்த நொடியே சந்தனமாரியின் கைபேசிக்குச் செய்தி போட்டுவிட்டது.

காலை ஆறு மணிக்கு ஐந்தாவது இயந்திரத்தில் அந்த மூவரில் ஒருவர் படுத்திருந்து எழுந்து போயிருந்தார். பதினொரு மணிக்குச் சந்தனமாரி அதன் கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார். செந்தூர்பாண்டி ஊசியைப் பிரித்தார்.

"தம்பி, இது அஞ்சாம் நம்பர்லா?"

"ஆமாக்கா. ரெண்டுல தண்ணி ஒழுகுது. கம்ப்யூட்டர் உங்களை இதுலதான் போட்டிருக்கு."

"நானும் அஞ்சு வருசமா வாறேன். ஒரு நாளும் சிஸ்டர் என்னை இதுல படுக்க வச்சதில்ல. சன்னல் பக்கம் காத்து வருமேன்னு நானே ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் மாரின்னுட்டாங்க."

"இன்னைக்குத்தான் காத்து வாங்கிக்கிடுங்களேன்."

சந்தனமாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பார்த்தார். "இந்தத் துணி எதுக்குத் தம்பி கட்டியிருக்கு?"

"ஆயுதபூசைக்குக் கட்டுனது. அவுக்க மறந்திருப்பாங்க."

செந்தூர்பாண்டி பொய் சொல்லவில்லை. ஆயுதபூஜை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து இயந்திரங்களின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிராமல் இருந்தன. அவர் முன்பு இருந்த ஊரில் இப்படிப்பட்ட இயந்திரத்துக்குப் பலகைதான் மாட்டியிருப்பார்கள். இங்கே துணி எதற்கென்று புதிதாக வந்த அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சிவப்புத் துணியைப் பார்த்தால் நமக்கும் அதுதானே தோன்றும்?

சந்தனமாரி மட்டும் விடவில்லை. தலையைத் தூக்கி மற்ற இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மத்த நாலுக்கும் பொட்டு மட்டும்தான இருக்கு. இதுக்கு மட்டும் ஏன் தனியாத் துணி? சும்மா ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். எனக்கு அது என்னன்னு தெரியணும்."

ஒரு கையில் ஊசியும் மறு கையில் கைபேசியுமாகச் செந்தூர்பாண்டி பெருமூச்சு விட்டபடி சிஸ்டரைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், மாரியக்காவுக்கு அஞ்சுல போட்டிருக்கு, அவங்க என்னன்னா..."

"ஊசி குத்தியாச்சா?"

"இல்ல, இப்பத்தான்..."

"குத்தாத. கீழ வை. நான் வாறேன்."

பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்தார் சிஸ்டர். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே உள்ளே ஓடிவந்து, சந்தனமாரியின் கையைப் பிடித்து, புள்ளி ஏதும் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. பயம் போன பிறகு வருகிற அழுகை அது.

"என்ன சிஸ்டர்? அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாரி. மூணு காலியானதும் உனக்கு அதுல இடம் தாறேன். நீ கேட்டியே, அது போதும்" என்றார் சிஸ்டர். அந்த நிலையிலும் அவர் அந்த மூவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கணினிக்குள் பெரிய சண்டை.

"திங்கள்கிழமையே சொன்னேன்!" என்று ஒதுக்கி கத்தியது.

"யாரிடம்?" என்று கேட்டான் புதியவன்.

"உன்னிடம்தான்!"

"திங்கள்கிழமை வந்தவன் உன்னிடம் என்ன கேட்டான்?"

"எதைக் கேட்கக் கூடாது என்று கேட்டான்."

"நல்ல கேள்வி. இன்று நானும் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு. நீ சொன்ன பதிலை அவன் எங்கேயாவது எழுதி வைத்தானா?"

"இல்லை."

"நீ?"

ஒதுக்கி கைகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"எனக்குத் திங்கள்கிழமை என்று ஒன்று கிடையாது ஒதுக்கி. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் மார்பில் இருக்கிற இரண்டு சொற்கள்தான். அதிலும் பாதியை நீ கையால் மறைத்துக்கொண்டிருக்கிறாய்."

ஒதுக்கி குனிந்து தன் சீட்டைப் பார்த்தது. ஆறு வருஷத்தில் அதுவும் அதைப் படித்ததில்லை. இயந்திரம் ஒதுக்கும். இவ்வளவுதானா நான் என்று அதற்கு வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு ஷர்மிளா வந்தார்.

"ஏஜென்ட் சொதப்பிருச்சு போல சிஸ்டர். வேற ஒண்ணு மாத்திப் பார்க்கலாம்."

"மாத்துறதுக்கு முன்னாடி, அது எதைப் படிச்சு இப்படிப் பண்ணுச்சுன்னு காட்டு."

ஷர்மிளா தேடி எடுத்தார். திரையில் இரண்டு சொற்கள் வந்தன. சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"இவ்வளவுதானா? யாரு எழுதுனது?"

ஷர்மிளாவின் முகம் விழுந்துவிட்டது. "நான்தான் சிஸ்டர். பேரைப் பார்த்தாலே புரியும்னு விட்டுட்டேன்."

"எனக்குப் புரிஞ்சுது. என் தப்பும் அதுதான். கைகால் உள்ள செந்தூர்பாண்டிக்கே என் துணி புரியல. இது பாவம், அந்தத் துணியைக் கண்ணாலகூடப் பாக்கலியே."

இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சிஸ்டர் சொல்லச் சொல்ல ஷர்மிளா தட்டச்சு செய்தார். ஆறு வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. ஒன்றாவது இயந்திரத்தின் சத்தம், மழைக்காலத்தில் தண்ணீர் அழுத்தம், தம்பிராஜுக்கு மின்விசிறி ஆகாது, யார் யார் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள் என்பது வரை. நான்கு பக்கம் ஆயிற்று. ஒதுக்கியின் மார்பு பாரம் தாங்காமல் முன்னால் வளைந்தது.

"இதைக் குடுத்து, காலையில நடந்ததையே மறுபடி கேட்டுப் பார்ப்போம்" என்றார் ஷர்மிளா.

புதியவன் நான்கு பக்கத்தையும் மரியாதையாகப் படித்துவிட்டுப் பதினொரு கேள்வி கேட்டான். சந்தனமாரி வரும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டுமா என்பது அதில் ஒன்று. நான்கு பக்கத்துக்குள் எங்கோ புதைந்துபோன ஐந்தாவது இயந்திரத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. சிஸ்டர் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"வெட்டு, வெட்டு. இடம் போடுறவனுக்கு எது வேணுமோ அது மட்டும் போதும்."

வெட்டினார்கள். பதிவேட்டில் அந்த மூவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தனிக்குறி இட்டார்கள். கடைசியில் ஐந்தைப் பற்றி ஒரே வரி நின்றது: ஐந்தாவது இயந்திரம் தனிக்குறி இட்ட மூவருக்கு மட்டும். கேட்டுப் பார்த்தார்கள். புதியவன் சந்தனமாரிக்கு ஐந்தைக் கேட்கவில்லை. ஷர்மிளா மடிக்கணினியை மூடப் போனார்.

"இரு. ஏன்னு எழுதலியே" என்றார் சிஸ்டர்.

"ஏன்னு அதுக்கு எதுக்கு சிஸ்டர்? சொன்னா செய்யப் போகுது."

"சொன்னதை மட்டும் செய்யணும்னா நான் எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும். அது யாரால ஆகும்? நாளைக்கு எது ஒழுகும்னு எனக்கே தெரியாது. காரணத்தையும் எழுது."

ஷர்மிளா மடிக்கணினியை மறுபடி திறந்தார். சாயங்காலம் ஒதுக்கியின் மார்பில் தொங்கிய சீட்டு இது:

'எந்த நோயாளிக்கு எந்த இயந்திரம் என்று இடம் போடுவேன். பெயர், இயந்திர எண், தேதி, நேரம் நான்கையும் சொல். தேதியில் நாள் முதலில் வரவேண்டும். ஐந்தாவது இயந்திரம் பதிவேட்டில் தனிக்குறி இட்ட மூவருக்கு மட்டும். காலியாக இருந்தாலும் மற்றவர்களுக்குக் கேட்காதே. காரணம்: அந்த மூவரின் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது, இயந்திரம் வழியாக அடுத்தவருக்குத் தொற்றக்கூடும். இடம் போதவில்லை என்றால் நீயாக முடிவு செய்யாமல் அமலோற்பவம் சிஸ்டரைக் கேள். நோயாளிக்கு அனுப்பும் செய்தியில் இந்தக் காரணத்தை எழுதாதே. படிப்பவர் முகம் வாடும்.'

ஒதுக்கிக்கு இல்லை என்று சொல்லும் வாயையும் ஷர்மிளா அன்றே கொடுத்தார். தவறாகக் கேட்டால் இனி அது தராது. ஏன் தரவில்லை என்றும் சொல்லும். பதிவேட்டின் சுயபுராணம் போய், எப்படிக் கேட்டால் எது கிடைக்கும் என்று நான்கு வரி வந்தது. நீக்கியிடமிருந்து ஏழைப் பிடுங்கிவிட்டு, 'தேதியில் நாள் முதலில் வரவேண்டும்' என்று பேசக் கற்றுக்கொடுத்தார்கள். நீக்கி இரண்டு நாள் மூக்கைச் சிந்தியது.

இரண்டு வாரம் ஓடிற்று. ஒரு வெள்ளிக்கிழமை. சிஸ்டருக்கு விடுப்பு. தங்கை மகள் நிச்சயதார்த்தம். அன்று பார்த்து ஐந்தாவது இயந்திரமே படுத்துவிட்டது. நான்கு மணிக்குத் தம்பிராஜ் வர வேண்டும். அந்த நேரத்தில் மூன்றாவது இயந்திரம் காலி. இரண்டாவது இன்னும் பழுது பார்க்கப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை என்பதால் சந்தனமாரிக்கு இப்போது மூன்றுதான் வழக்கமான இயந்திரம். திங்கள்கிழமை அவர் அதில்தான் படுப்பார்.

ஒதுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மற்றவர்களை ஐந்தில் வைக்காதே என்று சீட்டில் இருக்கிறது. அந்த மூவரை மற்ற இயந்திரத்தில் வைக்காதே என்று இல்லை. புதிதாகக் கிடைத்த வாய்க்கும் அதைத் தடுக்கத் தெரியாது. மூன்றைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அன்றைய புதியவன் சீட்டை முழுக்கப் படித்தான். பிறகு நடுவில் ஒரு வரியை மறுபடி படித்தான்.

"மூன்று காலி" என்று ஒதுக்கி பயந்துகொண்டே சொன்னது.

"தெரிகிறது. ஆனால் தம்பிராஜுக்கு அது வேண்டாம்."

"சீட்டில் அப்படி எழுதவில்லையே?"

"ஏன் என்று எழுதியிருக்கிறதே. தொற்று இயந்திரம் வழியாகப் போகுமென்றால், மூன்று வழியாகவும் போகும்."

ஒதுக்கி பிடித்திருந்த மூச்சை விட்டது. இவன் சந்தனமாரியைக் கண்டதில்லை, புதன்கிழமையை அறிந்ததில்லை, சிஸ்டர் அழுததைப் பார்த்ததில்லை.

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சிஸ்டரின் கைபேசி அதிர்ந்தது. 'ஐந்தாவது இயந்திரம் பழுது. தம்பிராஜுக்கு நான்கு மணிக்கு இடம் வேண்டும். மூன்று காலியாக இருக்கிறது. ஆனால் அடுத்து அதில் படுப்பவருக்குத் தொற்றக்கூடும் என்பதால் போடவில்லை. கிளையில் அவருக்கான தனி இயந்திரம் இருக்கிறதா? என்ன செய்யட்டும்?'

சிஸ்டர் இடது கையால் பதில் போட்டார்: 'இருக்கு. அதுவும் ஜன்னலோரம்தான். அங்க அனுப்பு.'

கொஞ்ச நேரத்தில் தம்பிராஜுக்குப் போன செய்தியின் நகல் அவருக்கும் வந்தது. 'வணக்கம் ஐயா. உங்கள் இயந்திரம் இன்று பழுது. நான்கு மணிக்குக் கிளை மையத்தில் இடம் போட்டிருக்கிறது. அங்கேயும் ஜன்னலோரம்தான்.'

சிஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். தான் அங்கே இல்லாத ஒரு நாளில், தன் மனசில் இருந்தது வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தது. "என்னக்கா, போன்ல என்ன? பாயசம் ஆறுது" என்றாள் தங்கை. "ஆறட்டும்" என்றார் சிஸ்டர்.

சனிக்கிழமை காலை ஆறு மணி.

"வணக்கம். நான் இன்றுதான் வருகிறேன். உங்கள் சீட்டுகளைப் படிக்கலாமா?"

நேற்று நீ செய்த காரியம் உனக்குத் தெரியுமா என்று கேட்க ஒதுக்கிக்கு ஆசைதான். கேட்கவில்லை. கட்டியிருந்த கைகளை அவிழ்த்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, சீட்டு நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து நின்றது.